நிலாக்காலத்தில் பிரஷர் பார்க்கலாம்

திருகோணமலை மாவட்டக் கடற்றொழிலாளர் சங்கங்களின் அங்கத்தவர்களுக்கும் அவர்கள் வீட்டிலுள்ளவர்களுக்கும்,

அண்ணாமாரே, நானாமாரே, தம்பிமாரே,



நான் டொக்டர் இல்லை. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிற ஒரு பிரஷர்காரன், அவ்வளவுதான். மாதாமாதம் விடிய எழும்பிப் போய், நம்பர் எடுத்து, வாங்கில் குந்தியிருக்கும் நேரத்தில் சுற்றிவரப் பார்ப்பேன். பென்சன்காரர் இருப்பார்கள், கடைக்காரர் இருப்பார்கள், வீட்டுப் பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். திருக்கடலூர், பள்ளத்தோட்டம், வீரநகர், சல்லி, சாம்பல்தீவுப் பக்கத்து ஆம்பிளைகளைக் காண்பது அரிது. சில வேளை உங்கள் கொப்பி மட்டும் வரும், மனைவியின் கையில். "அவர் தொழிலுக்குப் போயிட்டார் மிஸ், மருந்தை மட்டும் தாங்கோ."

ஏன் வருவதில்லை என்று எனக்கு விளங்காமலில்லை. கிளினிக்கில் நம்பர் கொடுக்கும் நேரமும் வள்ளம் கரைக்கு வரும் நேரமும் ஒன்று. மீனை ஏலத்தில் விட்டு, வலையில் சிக்கு எடுத்து, எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு நிமிரும்போது கிளினிக் முடிந்திருக்கும். இரவு முழுக்கக் கண் விழித்தவனை இன்னும் நாலு மணித்தியாலம் வாங்கில் இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கிளினிக்குக்கு வராத ஆட்களில் சிலரை, நம்பரே இல்லாமல், ட்ரொலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். வாய் ஒரு பக்கம் கோணி, கை வழங்காமல், நாற்பது ஐம்பது வயதில். பாரிசவாதம்.

உங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒருவர் இருப்பார். திண்ணையில் கதிரை போட்டு இருத்தி வைத்திருப்பார்கள். அவரைப் பற்றிக் கேட்டால் ஊர் ஒரே பதிலைத்தான் சொல்லும்: "நல்லாத்தான் இருந்தவர், திடீரெண்டு அடிச்சுப் போட்டுது." இந்தத் திடீர் என்ற கதையைத்தான் நான் நம்பவில்லை.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் ஒரு வகைப் பாரிசவாதம். வெடித்துக் கசிந்தால் மற்ற வகை. அடைப்புத்தான் கூடுதலாக நடப்பது. வெடிப்பு குறைவு என்றாலும் உயிரெடுப்பதில் அது முந்தும். இரண்டுக்கும் பின்னால் பெரும்பாலும் இருப்பது, யாரும் அளந்து பார்க்காமல் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய உயர் இரத்த அழுத்தம். அது குழாயின் சுவரைத் தடிப்பாக்கும், உள்வழியை ஒடுக்கும், மூளையின் ஆழத்திலுள்ள மயிர் போன்ற குழாய்களை நைந்துபோகப் பண்ணும். இவ்வளவு வேலையும் வலியில்லாமல் நடக்கும். எஞ்சினில் ஏதும் பழுதென்றால் அதன் சத்தம் மாறுவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். உடம்பு அப்படிச் சத்தம் காட்டாது. தலையிடித்தால்தான் பிரஷர் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். பெரும்பாலானவர்களுக்குத் தலையிடியும் வராது, மயக்கமும் வராது. வலை இழுக்கிற உடம்புக்குப் பிரஷர் வராது என்ற நம்பிக்கையும் இருக்கிறது. உடலுழைப்பு நல்லதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 170க்குப் போன அழுத்தத்தை அது தனியே கீழே இறக்கிவிடாது.

"வயசுக்கு இது சரிதான்" என்று சொல்லி விடுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் திருமலையில் குண்டு போட்டான். சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றில் ஒரு விமானம் விழுந்து எரிந்தது. இதைத் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த மாதம் இந்தக் கடலை எப்படிக் காப்பது என்று கவலைப்பட்டு, பிரித்தானியப் பிரதமர் சர்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்த ரூஸ்வெல்ட்டின் பிரஷர் 1944 மார்ச்சில் 186க்கு 108. அவருடைய சொந்த வைத்தியரோ, வயதுக்கு ஏற்ற ஆரோக்கியத்தோடு இருக்கிறார் என்றே வெளியில் சொல்லிவந்தார். திருமலையில் குண்டு விழுந்து மூன்று வருடமும் மூன்று நாளும் கழிந்து, 1945 ஏப்ரல் 12ஆம் திகதி, ரூஸ்வெல்ட் கதிரையில் இருந்தபடியே பின்தலையில் பயங்கரமாக வலிக்கிறது என்றார். பிறகு நினைவு திரும்பவில்லை. அப்போது அளந்த பிரஷர் 300க்கு 190. வயது 63. சர்ச்சிலுக்கும் 1953இல் பாரிசவாதம் வந்தது. நாட்டுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். அதே வருடம் மார்ச்சில் சோவியத் தலைவர் ஸ்டாலின் செத்ததும் அதனால்தான். உலகத்தைப் பங்கு போட்ட மூன்று பேருக்கும் ஒரே வருத்தம்.

ரூஸ்வெல்ட்டுக்குக் கொடுக்க அந்தக் காலத்தில் உருப்படியான குளிசை இருக்கவில்லை. நாள்தோறும் நிம்மதியாக விழுங்கக்கூடிய பிரஷர் குளிசைகள் 1950களின் கடைசியில்தான் வரத் தொடங்கின. அமெரிக்க ஜனாதிபதிக்குக் கிடைக்காத மருந்து இன்று நமக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொண்டு போய் அலுமாரியில் வைக்கிறோம்.

2016இல் வெளியான ஓர் ஆய்வில் 32 நாடுகளில் கிட்டத்தட்ட 27,000 பேரைப் பார்த்தார்கள். பாரிசவாதத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் காரணம், நாம் கைவைத்து மாற்றக்கூடிய பத்து விஷயங்கள் என்று கண்டார்கள். முதலாவது பிரஷர், ஏறக்குறைய பாதிப் பங்கு அதனுடையதே. மற்றவை சீனி வருத்தம், புகை, குடி, கொலஸ்ட்ரோல், வயிற்றுக் கொழுப்பு, உடலசைவு இல்லாமை, சாப்பாட்டு முறை, மன அழுத்தம், இருதயக் கோளாறு. பீடியைப் பற்றியும் சாராயத்தைப் பற்றியும் நீங்கள் கேட்காத அறிவுரை எதையும் என்னால் புதிதாகச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும்: அதிகக் குடி குழாய் வெடிக்கும் வகைக்கு வழி விடும், கசிப்பென்றாலும் போத்தல் சாராயமென்றாலும் மூளைக்கு வித்தியாசமில்லை. இருதயக் கோளாறில் நீங்கள் கவனிக்க வேண்டியது நாடி. அது ஒழுங்கில்லாமல் தாறுமாறாகத் துடித்தால் இருதயத்துக்குள் இரத்தம் கட்டியாகி மூளைக்கு ஓடலாம். அப்படித் துடிப்பவர்களுக்குப் பாரிசவாத ஆபத்து மற்றவர்களைவிட ஐந்து மடங்கு.

சாப்பாட்டில் உப்பைப் பற்றித்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது, ஏனென்றால் அது நம்முடைய சொந்தப் பிரச்சினை. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி. இதற்குள் பாணிலுள்ள உப்பு, சம்பலில் போட்ட உப்பு, கருவாடு, மாசி, மிக்சர், ஊறுகாய் எல்லாம் அடங்க வேண்டும். நல்ல மீனைப் பிடிப்பவர்கள் நாம். கரையில் பழுதில்லாத மீனை விற்றுவிட்டு வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைக்கிறோம். வாடைக் காற்று தொடங்கி வள்ளம் கரையேறிய மாதங்களில் கேட்கவே வேண்டாம், மூன்று நேரமும் கருவாடுதான். கருவாட்டை விடு என்று சொன்னால் இந்த மடலைக் கிழித்துப் போடுவீர்கள், என்னாலும் விட முடியவில்லை. ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். அந்தக் கறிக்கு மேலதிகமாக உப்புப் போடாதீர்கள். கருவாடு வைத்த நாளில் சம்பலைத் தேசிக்காய்ப் புளியோடு நிறுத்துங்கள். 2025இல் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு வந்து, கடை கடையாக உப்புத் தேடி அலைந்தோமே, அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் குழம்பை ஒருவரும் சப்பென்று இருக்கிறது என்று சொல்லவில்லை. நாக்கு இரண்டு மூன்று கிழமையில் பழகிவிடுகிறது.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் 'லோ சோடியம்' உப்பும் சில வீடுகளில் வந்துவிட்டது. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்திருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் அந்த மாதிரி உப்பைக் கொடுத்துப் பார்த்ததில் பாரிசவாதம் 14 வீதம் குறைந்தது; 2021இல் முடிவு வெளியானது. நல்ல சாமான்தான். ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் லொசாட்டன், எனலப்ரில் எடுப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

இனிக் குளிசைக்கு வருகிறேன். மருந்தைத் தொடங்கியவர்கள் ஏன் விடுகிறார்கள் என்று வாங்கில் இருந்தபடி பலரிடம் கேட்டிருக்கிறேன். முதல் காரணம், "இப்ப பிரஷர் சரியாகிட்டுது." சரியானது குளிசையால், நிறுத்தினால் அது பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இரண்டாவது, 2022. மண்ணெண்ணெய்க்கு வரிசை, மருந்துக்கும் தட்டுப்பாடு. அப்போது நிறுத்தியவர்களில் சிலர் இன்னும் தொடங்கவே இல்லை. மூன்றாவது காரணத்தை உங்கள் ஆட்கள்தான் சொன்னார்கள், எனக்கு அது புதிது: சலம் போக வைக்கும் குளிசையைக் காலையில் விழுங்கிவிட்டுச் சின்னப் படகில் போனால் பெரிய கரைச்சல். நியாயமான கதை. அதைக் கிளினிக்கில் வாயைத் திறந்து சொல்லுங்கள். நேரத்தை மாற்றித் தருவார்கள், அல்லது வேறு குளிசை தருவார்கள். இரவுத் தொழில் செய்பவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. பிரித்தானியாவில் 21,000 பேருக்கு மேல் ஐந்து வருடமளவில் கவனித்து 2022இல் சொன்னார்கள்: பிரஷர் குளிசையைக் காலையில் எடுத்தாலும் இரவில் எடுத்தாலும் பலன் ஒன்றுதான். கரைக்கு வந்து சாப்பிடும் நேரம் உங்களுக்கு எதுவோ, அதுவே குளிசை நேரமாகட்டும். நாள் தவறாமல் இருந்தால் போதும்.

நோன்பு பிடிக்கும் நானாமார் ரமழானுக்கு முந்திய கிளினிக்கிலேயே கேட்டு, குளிசைகளை சஹருக்கும் இஃப்தாருக்குமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் முழுக்க நிறுத்திவைக்கத் தேவையே இல்லை. கொட்பேயிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுக்காரர், போகும் நாட்களுக்கு மட்டும் எண்ணி எடுக்காமல் ஒரு கிழமைக்குரியதைக் கூடுதலாகக் கொண்டுபோங்கள். காற்று மாறினாலும் எஞ்சின் நின்றாலும் பயணம் நீளும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மருந்து வேலை செய்யுமா என்ற சந்தேகத்துக்கு இலங்கையிலிருந்தே பதில் இருக்கிறது. 2018இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டு ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரை வைத்துச் செய்தது. மூன்று மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் நூற்றுக்கு 70 பேரின் பிரஷர் இலக்குக்கு வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55 பேர். எனக்கு இந்த இரண்டாவது எண்ணே பெரிதாகப் படுகிறது. புதுமை எதுவும் இல்லாமல், சாதாரணக் கிளினிக் மருந்தை ஒழுங்காக எடுத்தாலே பாதிப் பேருக்கு மேல் சரிவந்திருக்கிறது. மேல் எண்ணைப் பத்துப் புள்ளி குறைத்தால் பாரிசவாத ஆபத்து கால் பங்கு அளவில் குறைகிறது என்றும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது வந்துவிட்டால்?

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் முன்னால் தூக்கி வைத்திருக்கச் சொல்லுங்கள், ஒன்று விழுகிறதா? படகின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், நாக்குக் குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு கேட்காது. "பாரிசவாதம் மாதிரி இருக்கு, இத்தனை மணிக்குத் தொடங்கினது" என்று சொல்லுங்கள். எப்போது கடைசியாக நன்றாக இருந்தார் என்ற அந்த நேரம் மிக முக்கியம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போடலாம், அதுவும் தலையை ஸ்கான் எடுத்து வெடிப்பு இல்லை என்று பார்த்த பிறகு. அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையில் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஊசிக்கு நேரம் பிந்திப் போனாலும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் பாரிசவாதத்துக்கென்று முறையாகப் பராமரித்தாலே சாவும் ஊனமும் குறைகிறது.

அஸ்பிரின் கரைத்துக் கொடுக்காதீர்கள். மாரடைப்புக்குக் கேள்விப்பட்டதை இதற்கும் செய்பவர்கள் இருக்கிறார்கள். வெடித்த குழாயென்றால் அது கசிவைக் கூட்டும். தண்ணீர், தேத்தண்ணி ஒன்றும் வேண்டாம். விழுங்கும் சக்தி போயிருந்தால் நெஞ்சுக்குள் இறங்கும். சத்தி எடுத்தால் பக்கவாட்டில் சரித்துக் கிடத்துங்கள். எண்ணெய் போடுவதையும் பரியாரியிடம் கொண்டுபோவதையும் முதல் நாளில் செய்யாதீர்கள். சித்த மருத்துவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் அதைப் பல்கலைக்கழகப் படிப்பாகவே படிப்பிக்கிறார்கள். ஆனால் அந்த முதல் சில மணித்தியாலம் ஸ்கானுக்குரியது.

குடிக்கிற ஆட்கள் விஷயத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. கரையில் ஒருவர் தள்ளாடி விழுந்து நாக்குக் குழறினால், "நல்லா ஏத்திட்டார், படுத்தெழும்பினாச் சரி" என்று வாடியில் கிடத்திவிடுவோம். விடியும்போது பாதி உடம்பு போயிருக்கும். எவ்வளவு குடித்திருந்தாலும் வாயையும் கையையும் ஒருக்காப் பாருங்கள்.

கடலில் வைத்து வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாள் படகென்றால் வலையை வெட்டிவிட்டாவது கரைக்குத் திருப்புங்கள். போன் எடுபடும் தூரம் வந்ததும் 1990க்குச் சொல்லி எந்தக் கரைக்கு வருகிறீர்கள் என்று சொன்னால் அம்புலன்ஸ் அங்கே நிற்கும். பலநாள் படகென்றால் ரேடியோ செட்டில் 16ஆம் சனலில் உதவி கேளுங்கள். கிண்ணியா, மூதூர் ஆட்களுக்கு ஒரு காலத்தில் கரைக்கு வந்த பிறகும் திண்டாட்டம்தான். துறையில் பாதைக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது லோஞ்ச் பிடிக்க வேண்டும். பாலங்கள் திறந்த பிறகு அந்தச் சாட்டு இல்லை.

ஐந்து நிமிடம் கை மரத்து, அல்லது பேச்சுப் போய், பிறகு தானாகவே சரியாகிவிடுவதும் உண்டு. "வாயு பிடிச்சது" என்று விட்டுவிடுவோம். அமெரிக்காவில் இப்படி வந்துபோனவர்களைப் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பாரிசவாதம் வந்திருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு முதல் இரண்டு நாளுக்குள். அன்றைக்கே போய்க் காட்ட வேண்டிய விஷயம் இது.

அக்காமாருக்கும் ராத்தாமாருக்கும் ஒரு கேள்வி. கணவரின் குளிசைக்காக வரிசையில் நிற்கிறீர்கள். உங்கள் பிரஷரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? வயிற்றில் பிள்ளை இருந்தபோது மிட்வைஃப் பார்த்ததுதான் கடைசி என்றால், அதுவும் அப்போது கூடியிருந்தது என்றால், பிற்காலத்தில் உங்களுக்கும் வரும் ஆபத்து அதிகம்.

நான் எழுத வந்த காரியம் இனித்தான். 35 வயது தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பிரஷரும் சீனியும் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை சுகாதார அமைச்சு 2011இலிருந்து நடத்திவருகிறது. உங்களுக்கு அவை எட்டாமல் இருப்பது நேரத்தால். ஆகவே சங்கங்கள் நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நிலாக்காலத்தில் வலைத் தொழில் படுக்கும். அந்த நாலைந்து நாளும் நீங்கள் கரையில் சும்மா இருக்கிறீர்கள். போயா தினம் அரச விடுமுறை, அதை விடுங்கள். அதற்கு முந்திய அல்லது பிந்திய ஒரு பிற்பகலில், சங்கக் கட்டடத்திலேயே பரிசோதனை வைக்கும்படி உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு சங்கக் கடிதத் தாளில் எழுதுங்கள். தனியாள் போய்க் கேட்டால் பார்ப்போம் என்பார்கள். சங்கம் எழுதினால் அது கோவையில் ஏறும்.

கரைக்கு வந்து பார்ப்பதால் பலனுண்டா என்றால், உண்டு. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் மூன்று நாட்டிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில், பிரஷர் உள்ள 2,645 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. அரச சுகாதார ஊழியர்கள் வீடுகளுக்குப் போய் அளந்து, சொல்லிக்கொடுத்து, தேவையானவர்களை டொக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் அப்படிக் கவனிக்கப்பட்டவர்களுடைய பிரஷர், ஊழியர்கள் அப்படிப் போகாத மற்றக் கிராமத்தவரைவிட ஐந்து புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது.

இடைப்பட்ட காலத்துக்குச் சங்கக் காசில் மேற்கையில் கட்டும் ஒரு டிஜிட்டல் மெஷினும் ஒரு கொப்பியும் வாங்கி வையுங்கள். பார்ப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பிருந்து தேத்தண்ணியும் பீடியும் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்துப் பேசாமல் இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, இரண்டு தரம் அளக்க வேண்டும். வேறு வேறு நாளில் பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால் கிளினிக்குக்கு. 180ஐத் தாண்டினால் நாளை என்று வைக்காமல் அன்றைக்கே.

கொட்பே பலநாள் படகுகளுக்கு நிலாக்காலக் கணக்கு சரிவராது. அவர்கள் ஐஸும் டீசலும் ஏற்றும் நாளில், பேரேட்டில் ஆட்களின் பெயரை எழுதும்போதே பிரஷரையும் அளந்து பக்கத்தில் எழுதலாம். முதலாளிமார் மனம் வைத்தால் முடியும். அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதைப் போடுங்கள். எந்தச் சங்கம் முதலில் மெஷின் வாங்குகிறதோ, அங்கே வந்து கொப்பி எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு பிரஷர் கிளினிக்காரன்,
திருகோணமலை.